நான்காம் வரி

வீட்டுவரி ரசீதோடு வந்து நின்றாள் ஒச்சம்மாள்.
மாவு மில்லை ஓடவிட்டபடியே கிளம்பியிருப்பாள் போல,
இமைமுடியில் கேப்பை மாவு.
"இதுல நாலாவதா போட்டிருக்கே, என்னா எழவு அது?"
நூலக வரி. நூற்றெட்டு ரூபாய்.
"அர வருசத்துக்கு ஒருக்கா புடுங்குறீக.
எங்க வச்சிருக்கீக, காட்டுங்க பாப்பம்."

உசிலம்பட்டியில் பதினொரு வருடமாக
மூன்றாம் நிலை நூலகர் நான்.
முத்திரை ஏன் தேய்ந்தது,
பசைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று
தணிக்கைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.
பணம் கட்டியவர் ஒருவரும்
வந்து கேட்டதில்லை.

நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் வந்தது,
ஊர் கட்டும் வரியில் ஒரு கிள்ளு
புத்தகத்துக்கு என்று...
"சட்டத்த விடுங்க" என்றாள்.

சேர்க்கைப் பதிவேட்டை இறக்கினேன்.
இந்த நூலகத்துக்கு வேறு வரலாறு கிடையாது.
முதல் பக்கம் ஊதா மை.
எண் ஒன்று: கோழி வளர்ப்பு. விலை ஒன்றேகால் ரூபாய்.
எழுதிய கை
மழைக்கு முந்திய எறும்பு வரிசை மாதிரி.
அடுத்து வந்தவர் அவசரக்காரர்.
கதையெல்லாம் குறிப்புக் கலத்தில்தான்:
கறையான். கறையான்.
உறுப்பினர் திருப்பூர் போய்விட்டார்.
பக்கம் அறுபத்தொன்று முதல் அறுபத்துநான்கு வரை இல்லை.
கூரை ஒழுகியதில் (அதற்கு மேல் எழுதவில்லை).
பருத்திக் கடை மாடியிலிருந்து
சொசைட்டிக் கிடங்குக்கு மாட்டுவண்டியில்,
கிடங்கிலிருந்து இங்கே டயர் வண்டியில்.
ஏற்றிய எண்ணிக்கை ஒன்று,
இறக்கியது இன்னொன்று.

அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.
விலைக் கலத்தில் மட்டும் விரல் ஓட்டினாள்.
"ஒன்னேகால்ல தொடங்கி முன்னூத்தம்பதா?
அரிசி கூட இப்படி ஏறல."
பதிவேட்டை மூடினாள்.
"சரி. இதுல என்னோடது எது?"

கழிவுத் தாளில் கணக்குப் போட்டேன்.
பத்தொன்பது வருடம், பழைய வரி கம்மி,
மூவாயிரத்துச் சொச்சம் என்றேன்.
"சொச்சம்னா? தராசுக்காரிகிட்ட சொச்சம்ங்கிறீக."
மூவாயிரத்து நாற்பது.

சுற்றிப் பார்த்தாள்.
ஜன்னலோரம் குரூப் ஃபோர் பிள்ளைகள்,
எங்கள் புத்தகம் ஒன்றையும் தொடாமல்
எங்கள் வெளிச்சத்தில் படிப்பவர்கள்.
ஓய்வுபெற்ற கண்டக்டர் தவசி
நாளிதழைப் பிரித்து
விளையாட்டுப் பக்கத்தைத் தொடைக்கடியில் ஒளித்திருந்தார்.
மூலையில் யாருடைய செல்போனோ
அரசு மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.

மேலே பார்த்தாள்.
"அந்தக் காத்தாடி என்ன வெல?"
ஆயிரத்து எண்ணூறு.
"அதுக்குக் கீழ அந்தப் புள்ள உக்காந்திருக்க நாற்காலி?"
தொள்ளாயிரம்.
"ரெண்டையும் என் பேருல வச்சுக்கங்க.
மிச்சத்துக்கு அந்தக் கோழிப் பொஸ்தகம்."
கோழிப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்றேன்.
"பொறவு என்னத்துக்கு வரி" என்றபடி
ரசீதை நான்காய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அப்படியெல்லாம் எழுதிக்கொள்ள விதியில்லை.
அரசுச் சொத்து அரசுச் சொத்துதான்.
நானும் எழுதவில்லை.

ஆவணியில் மின்விசிறி நின்றுபோனது.
மதுரைக்கு, மாவட்ட மைய நூலகத்துக்கு
மூன்று கடிதம் போட்டேன்.
நான்காவதற்குத் தாள் எடுக்கும்போது
மில் மெக்கானிக் ஏணியோடு நின்றான்.
"அக்கா காத்தாடி ஓடலையாமே."
நாற்காலிப் பிள்ளை புத்தகத்திலிருந்து
தலையைத் தூக்கவேயில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு வார விடுமுறை.
துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.
பத்தேகாலுக்குப் போன் வந்தது.
பின்னால் தேனி பஸ்ஸின் ஹார்ன்,
முன்னால் அவள் குரல்:
"பூட்டிக் கெடக்கே சார்.
யாரக் கேட்டுப் பூட்டுனீக?"